தரையைத் தொடும் முன் ஒரு 'முடியாது'!

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில், கிட்டி ஹாக் கிராமத்துக்கு அருகே ரைட் சகோதரர்கள் அன்று நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை 59 விநாடிகள், 852 அடி தூரம். உலகமே கொண்டாடும் அந்த விமானம் அதன்பிறகு ஒருமுறைகூடப் பறக்கவில்லை.

பறக்கும்போது அதற்கு ஒன்றும் பெரிதாக ஆகிவிடவில்லை. இறக்கி, தரையில் நிறுத்திவிட்டு, சகோதரர்களும் உடனிருந்தவர்களும் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்போது ஓங்கி அடித்த ஒரு காற்று, நின்றுகொண்டிருந்த விமானத்தைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. பிடித்து நிறுத்த ஓடிய உதவியாளர் ஒருவர் அதில் சிக்கிக்கொண்டு சேர்ந்து உருண்டார். நல்லவேளை, பெரிய காயமில்லை. விமானம்தான் நொறுங்கிப்போனது.

இத்தனைக்கும், நல்ல காற்று அடிக்கும் இடமாக வேண்டும் என்று தேடித்தான் அவர்கள் அந்தக் கடற்கரைக்கே வந்திருந்தார்கள். தூக்கிவிட்ட காற்றுதான் கவிழ்த்தும்விட்டது.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. அம்மியே பறக்கும் என்றால், பறப்பதற்கென்றே செய்த பொருள் என்ன பாடுபடும்? நூறு வருடங்களுக்கு மேலாகியும் சிறு விமானங்களுக்கும் காற்றுக்கும் இடையிலான இந்த வழக்கு முடியவில்லை. அதிலும், பக்கவாட்டிலிருந்து விட்டு விட்டு வீசும் காற்றில் தரையிறங்குவது இன்றைக்கும் விமானியின் நெற்றியில் வியர்வை வரவைக்கும் வேலைதான்.

ரன்வே வந்தது, வம்பும் வந்தது

ஆரம்ப காலத்தில் விமானத் தளம் என்றால் ஒரு பெரிய புல்வெளி, அவ்வளவுதான். வருகிற விமானி, கம்பத்தில் ஆடும் காற்றுப் பையைப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி இறங்குவார். எதிர்க்காற்று என்றால் தரையில் ஓடும் வேகம் குறையும், சீக்கிரம் நிற்கலாம். பக்கவாட்டுக் காற்று என்ற பிரச்னையே பெரும்பாலும் வராது.

விமானங்கள் கனமாகிக்கொண்டே போனதும் புல்வெளி தாங்கவில்லை. கெட்டியான ரன்வே போட வேண்டியதாயிற்று. ரன்வே போட்டால் திசை நிரந்தரமாகிவிடும். காற்றின் திசை அப்படி இல்லையே!

அதனால்தான் ஓர் ஊரில் ரன்வே போடும் முன், அங்கே வருடம் முழுக்கக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 95 சதவீத நேரமாவது விமானங்கள் சிரமமில்லாமல் பயன்படுத்தும்படி ரன்வேயின் திசை அமைய வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. மீதி 5 சதவீதம்? அது விமானியின் பாடு.

சின்ன காரின் எடை, 36 அடி இறக்கை

உலகின் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் சிறு விமானம் செஸ்னா 172. 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. நான்கு பேர் உட்காரலாம். ஆளும் பெட்ரோலும் இல்லாமல் அதன் எடை சுமார் 760 கிலோதான். சாலையில் ஓடும் ஒரு சின்ன காரின் எடை. அந்த எடைக்கு 36 அடி அகலத்தில் இறக்கை. காற்றுக்குப் பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்?

பெரிய பயணிகள் விமானம் இறங்கும்போது 60 டன்னுக்கும் மேல் இருக்கலாம். வேகமும் இருமடங்கு. காற்று அதையும் உலுக்கும். ஆனால் லாரியை உலுக்குவது மாதிரி. சிறு விமானத்தை உலுக்குவது, மேம்பாலத்தில் போகும் ஸ்கூட்டியை உலுக்குவது மாதிரி. பக்கத்தில் ஒரு பஸ் கடந்து போனதும் வண்டி சட்டென்று ஒரு பக்கம் இழுப்பதை அனுபவித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஒரு சின்னக் கணக்கு. விமானிகள் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். 10 நாட் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால், அது விமானத்தை விநாடிக்கு 5 மீட்டர் ஒதுக்கிக்கொண்டே போகும். விமானி சும்மா இருந்தால் 3 விநாடியில் 15 மீட்டர். 30 மீட்டர் அகலமுள்ள ரன்வேயின் நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் போதும்.

பரிசலும் கொக்கும்

அப்படியென்றால் எப்படித்தான் இறங்குகிறார்கள்?

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். நேர் எதிரே உள்ள கரைக்குப் போக வேண்டுமென்றால் அவர் நேர் எதிரே துடுப்புப் போட மாட்டார். நீர் இழுக்கும் என்று தெரிந்து, சற்று மேற்பக்கமாகக் குறிவைத்துத் தள்ளுவார். விமானியும் மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு வருவார். ஓடுவது நேராக; முகம் மட்டும் ஒருபக்கம். நண்டு நடப்பது போல இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு 'கிராப்' என்றே பெயர். 65 நாட் வேகத்தில் வரும் விமானம் 15 நாட் பக்கக் காற்றைச் சமாளிக்க, மூக்கை ஏறக்குறைய 13 டிகிரி திருப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் அப்படியே திரும்பியபடி தரையைத் தொட முடியாது. சக்கரங்கள் ரன்வேயின் திசையில் உருள வேண்டும். கோணலாகத் தொட்டால் டயர் தேயும், கால் மடங்கும், விமானம் சுழலும். ஆகவே கடைசி நேரத்தில் மூக்கை ரன்வேக்கு நேராகக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கிறார்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரம் முதலில் தரையைத் தொடும். பிறகு மறுபக்கச் சக்கரம். கடைசியாக மூக்குச் சக்கரம். ஒரு கணம் விமானம் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் ஓடும். பார்ப்பவருக்குப் பதறும். ஆனால் அதுதான் சரியான இறக்கம்.

சீராக வீசும் காற்றில் இதைப் பழகிவிடலாம். விட்டு விட்டு அடிக்கும் காற்றில்தான் சிக்கல். இறக்கை தூக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 65 நாட்டில் வந்துகொண்டிருக்கும்போது எதிர்க்காற்று சட்டென்று ஓய்ந்து, இறக்கை உணரும் வேகம் 55 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் குறைந்தது 10 தான். தூக்கும் விசையிலோ கால் பங்குக்கு மேல் போய்விடும். மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து, இல்லாமல் போனால் வருமே ஓர் அதிர்ச்சி, அது மாதிரி விமானம் தொப்பென்று இறங்கும். அடுத்த விநாடி காற்று திரும்ப அடித்தால், தொட்ட விமானம் மறுபடியும் மேலே எழும்பும்.

இதற்காகவே கூடுதலாகக் கொஞ்சம் வேகம் வைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். காற்று 12 நாட், இடையிடையே 22 என்றால், வித்தியாசமான 10-ல் பாதியை, அதாவது 5 நாட்டை வழக்கமான வேகத்தோடு சேர்ப்பது பழைய வழக்கம். அதிலும் ஒரு விலை உண்டு. வேகம் கூடினால் விமானம் தரையில் உட்காராமல் மிதந்துகொண்டே போகும். மிதக்கிற ஒவ்வொரு விநாடியும் காற்றின் கையில் இருக்கும் விநாடி.

தரைக்கு அருகே இன்னொரு தொல்லை. ஹேங்கர், மரங்கள், கட்டடங்கள் எல்லாம் காற்றைச் சிதறடித்துச் சுழிகளாக்கும். வீதிமுனையில் கட்டடம் முடிகிற இடத்தில் குடை திடீரென்று மடங்குவது போல, கட்டடத்தின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் ஓர் அடி விழும்.

தொட்ட பிறகுதான் ஆபத்து

இந்த வகை விபத்துகளில் நிறைய, தரையைத் தொட்ட பிறகே நடக்கின்றன. சக்கரம் தொட்டதும் 'அப்பாடா' என்று கை தளர்கிறது. ஆனால் இறக்கைகள் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. எடை முழுவதும் சக்கரத்துக்கு வரவில்லை. வால் பக்கத்துச் செங்குத்துத் தகடு, வீட்டுக் கூரையில் சுழலும் காற்றுத்திசை காட்டியைப் போல மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கிறது. வேகம் குறையக் குறைய, திசை திருப்பும் ரட்டரின் பிடியும் குறைகிறது. காற்றுப் பக்கத்து இறக்கை மெல்ல எழும்புகிறது. அவ்வளவுதான், விமானம் புல்லில் இறங்கி, மறுபக்க இறக்கை தரையில் உரசி, புரொப்பெல்லர் வளைந்து நிற்கும்.

வாலுக்கடியில் சின்னச் சக்கரம் வைத்த பழைய பாணி விமானங்களுக்கு இது இன்னும் மோசம். அவற்றின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திரும்பத் தொடங்கினால் வால் முன்னே வரும்வரை சுழன்றுவிடும். அதனால்தான் மூத்த விமானிகள் சொல்வார்கள்: விமானத்தைக் கட்டி வைக்கும் வரை பறந்துகொண்டிருப்பதாகவே நினை. கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் விமானமே சாட்சி.

இப்படிப்பட்ட விபத்துகளில் பெரும்பாலும் உயிர் போவதில்லை. இறக்கை போகும், பணம் போகும், தன்னம்பிக்கை போகும். விசாரணை அறிக்கையிலும் அநேகமாக ஒரே சாரம்தான் இருக்கும்: வேகம் மாறி மாறி வீசிய குறுக்குக் காற்றில், விமானி திசைக் கட்டுப்பாட்டைத் தக்கவைக்கத் தவறினார். காற்று எந்த அறிக்கையிலும் முதல் குற்றவாளி ஆவதில்லை. காற்று அங்கே இருப்பது விமானிக்கு முன்பே தெரியும் அல்லவா?

அந்த 15 என்ன எண்?

செஸ்னா 172-இன் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று ஓர் எண் இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் அதை ஒரு கோடாக நினைத்துக்கொள்வதுண்டு. 14 என்றால் பாதுகாப்பு, 16 என்றால் ஆபத்து என்று! உண்மையில் அது, சோதனையின்போது செய்து காட்டிய அளவு. இதற்கு மேல் இறங்கவே கூடாது என்ற தடையும் அல்ல; இதுவரை யாராலும் முடியும் என்ற உத்தரவாதமும் அல்ல. அன்று ஓட்டிக் காட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. இன்று ஓட்டுகிறவர் மூன்று மாதமாக விமானத்தையே தொடாதவராக இருக்கலாம்.

அதனால் நல்ல பயிற்சியாளர்கள் மாணவர்களை, தங்களுக்கென்று ஒரு சொந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில், நிதானமாக, காபி குடித்துக்கொண்டு எழுத வேண்டிய எண் அது. மேலே போய், வியர்த்த கையோடு யோசித்தால் எண் தானாகவே கூடிவிடும்.

ஏன் கூடுகிறது? போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற தவிப்புதான் காரணம். ஆங்கிலம் பேசும் விமானிகள் அதற்கு ஏதோ நோயின் பெயர் மாதிரி 'கெட்-தேர்-ஐட்டிஸ்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரன்வே கண்ணெதிரே தெரிகிறது. கீழே யாரோ காத்திருக்கிறார்கள். பின்னால் இன்னொரு விமானம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சற்றே பயந்த முகத்தோடு பார்க்கிறார். இந்த நேரத்தில் 'வேண்டாம், மேலே போய்ச் சுற்றி வருவோம்' என்று முடிவெடுக்க, இறங்குவதைவிட அதிகத் தெம்பு வேண்டும்.

சுற்றி வருவதற்கு விமானிகள் மொழியில் 'கோ-அரவுண்ட்' என்று பெயர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நெருங்கிய வேளையில், சென்னையில் இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் ரன்வேயைத் தொடும் தறுவாயில் ஆடிவிட்டு, மீண்டும் மேலேறிப் போன வீடியோவை ஏராளமானோர் போனில் பார்த்திருப்பார்கள். பலருக்கும் அது திகில் காட்சி. விமானிகள் கண்ணுக்கோ, முறைப்படி எடுத்த முடிவு. பெரிய விமானத்துக்கும் சின்ன விமானத்துக்கும் அந்த முடிவு ஒன்றேதான்.

ஹூஸ்டன் சொன்ன பாடம்

கோ-அரவுண்ட் போனாலே எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது.

2016 ஜூன் 9. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ஹாபி விமான நிலையம். சிர்ரஸ் எஸ்.ஆர்.20 என்ற ஒற்றை இன்ஜின் சிறு விமானத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வந்தார்கள். ஓட்டியவரும் அவர்களில் ஒருவர். பெரிய ஜெட்கள் வரிசையாக இறங்கும் பரபரப்பான நிலையம். கிழக்கிலிருந்து 13 நாட் காற்று, இடையிடையே 18. அந்த விமானம் தாங்காத காற்று என்று சொல்ல முடியாது.

வேகமாக வந்த ஒரு ஜெட்டால் முதல் முயற்சி கலைந்தது. பிறகு வேறு ரன்வே சொன்னார்கள். அது ஏறக்குறைய வடக்கு நோக்கியது. கிழக்குக் காற்று கிட்டத்தட்ட முழுவதும் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே வந்தபோது விமானம் உயரமாக இருந்தது. மறுபடியும் மேலே போனது. கட்டுப்பாட்டு கோபுரத்திலிருந்து அறிவுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த விமானி மரியாதையாகச் சரி என்றே பதில் சொன்னார். கடைசி கோ-அரவுண்டில், போதிய வேகம் வரும் முன்பே இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்புகள் உள்ளே இழுக்கப்பட்டன. திருப்பத்தில் இறக்கை தூக்கும் சக்தியை இழந்தது. விமானம் சுழன்று ஒரு கடையின் கார் நிறுத்தத்தில் விழுந்தது. கீழே யாருக்கும் காயமில்லை. விமானத்திலிருந்த மூவரும் இறந்துபோனார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கோ-அரவுண்ட் முறை சரியாகக் கடைப்பிடிக்கப்படாததே முதன்மைக் காரணம் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்த விமானத்தை நெரிசலான சுற்றிலேயே வைத்திருந்த கட்டுப்பாட்டாளரின் முடிவையும், நெருக்கடியான நேரத்தில் இன்னொருவர் கொடுத்த சிக்கலான உத்தரவையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. கூடவே, விமானி தன் தேவையை அழுத்திச் சொல்லாததையும்.

கடைசி வரிதான் மனதைப் பிசைகிறது. வானத்தில் விமானிக்கு ஒரு சொல் கொடுக்கப்பட்டிருக்கிறது: 'அனேபிள்'. முடியாது என்று அர்த்தம். காரணம்கூட உடனே சொல்ல வேண்டியதில்லை. 'அந்த ரன்வே எனக்கு முடியாது, வேறு கொடுங்கள்', 'எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும், வெளியே போய்ச் சுற்றி வருகிறேன்', 'வேறு ஊருக்குப் போகிறேன்' என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு, அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்று நினைக்கும் நல்லவர்களுக்கு, இந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே பயிற்சி இரண்டு விஷயத்துக்கு வேண்டும். ஒன்று கைக்கு. முழு சக்தி, மூக்கு அளவோடு மேலே, ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, வேகம் வந்த பிறகே முழுவதும் என்ற வரிசை பதற்றத்திலும் மாறக் கூடாது. நல்ல வெயில் நாளில், காற்றே இல்லாதபோது இதைப் பலமுறை செய்து பழக வேண்டும். இன்னொன்று வாய்க்கு. 'முடியாது' என்று சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

காத்திருப்பவர்களுக்கும் பங்குண்டு

விமானம் ஓட்டாதவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. விமானியின் கையைக் கீழே இழுப்பது பல நேரங்களில், கீழே காத்திருப்பவர்களின் அவசரம். 'ஆறு மணிக்கு ஃபங்ஷன், வந்துடுவீங்கல்ல?' என்ற ஒரு மெசேஜ், காற்று 20 நாட்டில் அடிக்கும்போதும் மனதின் ஓரத்தில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அவர் 50 கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் இறங்கிவிட்டுப் போன் செய்தால், 'ஏன் அங்கே போனீங்க?' என்ற முதல் கேள்வி அடுத்த முறை அவரைத் தவறான ரன்வேயில் இறங்க வைக்கும்.

இது விமானத்துக்கு மட்டுமா? மழையில் பைக்கில் வரும் மகன், இரவெல்லாம் கார் ஓட்டிவரும் மருமகன், புயல் எச்சரிக்கைக்கு நடுவே படகில் இருக்கும் அப்பா, எல்லோருக்கும் வீட்டிலிருந்து போகும் சொல் ஒன்றுதான். 'எங்க இருக்கீங்க, இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்பதற்குப் பதிலாக, கிளம்பும் முன்பே, 'லேட்டானாலும் பரவாயில்ல. முடியலைன்னா அங்கேயே தங்கிட்டு நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்பலாம்.